முளைத்த நெல்லுக்கு ஒரு படம்

கூத்தாநல்லூரில் உரக்கடை மாடியில்
என் கூடாரம் இருக்கிறது.
இரண்டடிக்கு இரண்டடி.
ஆள் படுக்க முடியாது,
ஒரு ஜிமிக்கி தாராளமாக உட்காரலாம்.

மூன்று பக்கமும் மேலேயும் வெள்ளைத் துணி.
துணிக்கு வெளியே இடமொன்று வலமொன்று விளக்கு.
கஞ்சி வடித்த மாதிரி
வெளிச்சம் பருக்கையில்லாமல் உள்ளே இறங்கும்.
நிழல் விழாது.
எனக்குக் காசு கொடுப்பதே அதற்குத்தான்.

கவரிங் தோடு, அத்தர் குப்பி,
கொலுசுத் திருகு, குழந்தைக்கு இடுப்பில் கட்டும் அரைஞாண்,
எல்லாம் இதற்குள் போய்
ஊர் பேர் இல்லாமல் திரும்பும்.
எந்தத் தெருவில் எடுத்த படம் என்று
எவராலும் சொல்ல முடியாது.

தை கடைசியில் நாலு நாள் மழை.
ஐந்தாம் நாள் வைரக்கண்ணு வந்தார்.
முட்டிவரை சேறு காய்ந்து வெடித்திருந்தது.
மடியிலிருந்து ஒரு பாலிதீன் பை,
அதற்குள் ஒரு பிடி கதிர்.
"தங்கச்சி, நீ சின்னச் சாமானைப்
பெருசா எடுப்பியாமே."

கதிரிலேயே முளைத்திருந்தது நெல்.
உமியைக் கீறிக்கொண்டு
கொசுக்கால் நீளத்துக்கு ஒரு வெள்ளை.
பதினோரு மா, குத்தகை நிலம்,
சாய்ந்து தண்ணீரில் கிடக்கிறதாம்.
கைபேசியில் அவர் எடுத்த படத்தில்
கட்டைவிரல் தெரிந்தது, நகக்கண் சேறு தெரிந்தது,
நெல் தெரியவில்லை.
ஆபீசர் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு
"என்னய்யா இது, புழுவா?" என்றாராம்.

"ஒண்ணுக்கு என்ன வாங்குறே?"
"பீசுக்கு நாற்பது."
"நெல்லு ஒண்ணுக்கா, கதிர் ஒண்ணுக்கா?"
சிரிக்கிறாரா என்று பார்த்தேன்.
சிரிக்கவில்லை.

இடுக்கியால் ஒரு நெல்லை எடுத்து
ஊசிமுனை பசையில் நிறுத்தினேன்.
காற்றாடியை அணைத்தேன்.
மேக்ரோ லென்சுக்கு மூச்சுக் காற்றே புயல்.
"கொஞ்சம் அசையாம இருங்க" என்றதும்
வைரக்கண்ணு மூச்சையே நிறுத்திக்கொண்டார்.
கிளிக் கேட்ட பிறகும்
விடலாமா என்று என்னைப் பார்த்தார்.

திரையில் வந்து நின்றது நெல்.
உமியின் வரி ஒவ்வொன்றும் பொன் இழை.
முளை, தந்தத்தில் கடைந்தது போல.
சுற்றிலும் ஒரு சொட்டு அழுக்கில்லாத வெள்ளை.
நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான் என்று
வாய்வரை வந்தது.

அவர் ரொம்ப நேரம் பார்த்தார்.
"அழகா இருக்கே" என்றார்,
திருட்டுப் பழி சொல்வது போல.
"இதை விதைக் கம்பெனிக்காரன்
காலண்டர்ல போடுவான்.
நட்டம்னு எவன் சொல்லுவான்?"

இடப்பக்க விளக்கை அணைத்தேன்.
வலப்பக்கத் துணியைச் சுருட்டி மேலே செருகினேன்.
நிழல் வந்தது.
நெல்லைவிட முளையின் நிழல் நீளம்.
அவர் குனிந்து
முட்டியிலிருந்த சேற்றைச் சுரண்டி
என்னைக் கேட்காமலே உள்ளே தூவினார்.
போன வாரம்தான் சலவைக்குப் போட்ட துணி.
ஒன்றும் சொல்லவில்லை.

அளவுக்கு ஒரு காசு வேண்டும் என்றேன்.
பழைய ஒற்றை ரூபாய் கொடுத்தார்,
கதிர் பொறித்தது.
படத்தில் இரண்டும் பக்கம் பக்கமாக விழுந்தன.
ரூபாயில் இருந்த கதிருக்கு
மழை தெரியாது.

ஏழு படம். அச்சுப் போட்டுக் கொடுத்தேன்.
நாற்பதுதான் வாங்கினேன்,
அதையும் ஏன் வாங்கினேன் என்று தெரியவில்லை.
உறையைப் பனியனுக்குள் வைத்துக்கொண்டு
படியிறங்கிப் போனார்.
அப்புறம் அவரைப் பார்க்கவில்லை.
உரக்கடைக்குக் கடன் இருப்பதால்
இந்தத் தெருவைச் சுற்றிப் போகிறார் என்று
கீழே பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் தோடு, பன்னிரண்டு ஜோடி.
விளக்கை மறுபடி போட மறந்து
முதல் ஜோடியை எடுத்து அனுப்பிவிட்டேன்.
கல்லுக்குக் கீழே இந்தக் கறுப்பு
எங்கிருந்து வந்தது என்று கேட்டிருந்தார்கள்.

விளக்கில் கோளாறு, மன்னிக்கவும்
என்று எழுதினேன்.